நான்கெல்லைக்குள் அரை வாளித் தண்ணீர்

இது நடந்ததற்குப் பதிவு எண் உண்டு, ஆகையால் யாரும் என்னைப் பிடித்துக் கேள்வி கேட்க வேண்டாம். மஞ்சனேரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் பிச்சையா டீக்கடைக்கும் நடுவில் ஆறு சென்ட் நிலம் ஒன்று வந்து உட்கார்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, முதல் டோக்கன் கூப்பிடப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது. கையை வீசிக்கொண்டு வரவில்லை. ஒரு வேப்பமரம், காய்த்துத் தொங்குகிற ஒரு முருங்கை, இரும்பு உருளை மாட்டிய கிணறு, துணி துவைக்கிற கல், நாலு மூலைக்கும் எண் வெட்டிய நாலு சர்வே கல், கல்லோரத்தில் சுருண்டு படுத்திருந்த சாம்பல் பூனை என்று குடும்பத்தோடு வந்திருந்தது. பூனை மட்டும் தூக்கம் கலையாமல் வந்து சேர்ந்தது.

வந்த நிலம் யாரையும் இடிக்கவில்லை, யாரையும் ஏய்க்கவில்லை. டீக்கடை தெற்கே நகர்ந்து இடம் கொடுத்தபோது பாய்லரில் இருந்த பால் பொங்கக்கூட இல்லை. பிச்சையா ஆற்றிக்கொண்டிருந்த டீ மேல் கிளாஸிலிருந்து கிளம்பும்போது பழைய இடத்திலும் கீழ் கிளாஸுக்கு வந்து சேரும்போது புதிய இடத்திலும் இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. டீக்கடை ஓரத்துச் சந்தில், அந்த முடுக்கில் நிறுத்தியிருந்த பைக்குகள் எல்லாம் வேப்பமர நிழலில் வரிசை கலையாமல் நின்றன. பத்திரம் பதிய வந்த கூட்டம், இத்தனை வருஷமாக ஐந்து பேர் உட்காரும் ஒரே பெஞ்சுக்கு முப்பது பேராக அடித்துக்கொண்டு வெயிலில் நின்ற கூட்டம், திரும்பிப் பார்த்தது, நிழலைக் கண்டது, நேரே போய் உட்கார்ந்துகொண்டது. "கவர்மெண்டு இப்பத்தாம்யா கண்ணத் தொறந்திருக்கு" என்றார் ஒரு பெரியவர், துண்டை விரித்துக்கொண்டே. அதற்கு மேல் யாரும் பேசவில்லை, டோக்கன் போய்விடுமே என்ற கவலை அவரவருக்கு.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்த நிலத்தைப் பார்த்ததும் மூச்சு நின்று வந்தது. அவள் எதிர்வரிசையில், திருமலைநம்பி பத்திர எழுத்தர் கடையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முப்பிடாதி. துவைக்கிற கல்லின் ஓரத்தில் ஆணியால் கீறி எழுதியிருந்த பெயர் அவளுடையது, ஏழு வயதில் எழுதியது, எழுதியதற்காக அப்பா மந்திரமூர்த்தியிடம் அடி வாங்கியது. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஊத்துமேட்டில் இருக்க வேண்டிய அப்பா நிலம் இங்கே வந்து இவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

முப்பிடாதி இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் அடிக்கிறவள். 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்கிற வரியை அவள் விரல்கள் தூக்கத்தில்கூட அடிக்கும். ஊரில் பாதி வீடு அவள் விரல் வழியாகக் கை மாறியது. அவளும் அவள் புருஷன், மினிபஸ் ஓட்டும் மாடசாமியும், அதே இருபத்திரண்டு வருஷத்தில் பதினொரு வாடகை வீடு மாறிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, ஒரு வீட்டில் மாவு ஆட்டக் கூடாது, ஒரு வீட்டில் விருந்தாள் வந்தால் இரண்டு நாளைக்கு மேல் தங்கக் கூடாது. அவள் மற்றவர்களுக்குச் சந்திரனையும் சூரியனையும் எழுதிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் போய் ஆணி அடிக்காத சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பாள்.

இனி சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நிலம் வந்த காரணம் விளங்காது.

அம்மாவுக்குப் பின்னால், உயில் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தவர் அப்பா. சட்டப்படி மகன் பாவநாசத்துக்குப் பாதி, மகள் முப்பிடாதிக்குப் பாதி. இது அவளுக்குத் தெரியாதா? கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் "ஒங்களுக்கும் சமபங்கு உண்டும்மா" என்று சொல்கிறவளே அவள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அண்ணன்காரன் ஒரு பட்டுச்சேலை எடுத்து வருவான், தங்கச்சிக்காரி அதை வாங்கிக்கொண்டு, நான் மஞ்சள் குங்குமத்துக்குத் திருப்தியடைந்து என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். போட்டால் தீபாவளிக்குச் சேலையும் தைக்குப் பொங்கல்படிச் சீரும் வருகிறபடி வரும். போடாதவள் வீட்டு வாசலை அண்ணன்மார் மிதிப்பதில்லை.

பாவநாசம் கெட்டவன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். ஒரு பொங்கலுக்குக்கூடக் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை, பஸ் கிடைக்காத வருஷம் லாரியில் ஏறி வந்தவன். லாரி ஷெட் போட இடம் தேடி வந்த ஒருத்தர் நிலத்தைக் கேட்டிருக்கிறார், இவனுக்கு அந்தப் பக்கம் போகவே நேரமில்லை, சரி கொடுத்துவிடலாம் என்று போன் போட்டான். "ஏட்டி, திங்கக்கெழம வாரேன். ஒன் கடையிலயே விடுதலைய அடிச்சு வையி. மாம்பழ மஞ்சள்ல பட்டு எடுத்து வச்சிருக்கேன், ஒனக்கு நல்லாருக்கும்." முப்பிடாதி "சரிண்ணே" என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவளுக்கு மிஞ்சியிருந்த பிறந்த வீடு என்பதே பொங்கலுக்குத் தோளில் கரும்போடு வரும் அந்த ஒரு ஆள்தான்.

"நான் அடிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர் திருமலைநம்பி, முகத்தைப் பார்க்காமல். வேண்டாம் அண்ணாச்சி, நானே அடிக்கேன் என்று உட்கார்ந்தாள். பத்திரக் கடையில் யாரும் வெள்ளைத் தாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, ஆள் பெயரை மாற்றி, ஊரை மாற்றி, எண்ணை மாற்றி, எல்லையை மாற்றுவார்கள். முப்பிடாதி அன்றைக்குத் திறந்தது, டீக்கடைக்குப் பக்கத்து முடுக்கை வண்டி நிறுத்த வாடகைக்கு எடுத்தவருக்கு முந்தின வாரம் அடித்த ஒப்பந்தம். பெயரை மாற்றினாள். எண்ணை மாற்றினாள். 'என் பங்குப் பாத்தியதை முழுவதையும் மன சம்மதத்துடன்' என்ற வரிக்கு வரும்போது கண்ணில் தண்ணீர் முட்டித் திரை முழுக்கக் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நாலு எல்லையை மாற்றாமல் விட்டுவிட்டாள். வடக்கே சார்பதிவாளர் அலுவலக மதில், தெற்கே பிச்சையா டீக்கடை, கிழக்கே பஸ் ரோடு, மேற்கே வாய்க்கால், இதற்குள்பட்ட ஆறு சென்ட் மனையும் கிணறும் மரங்களும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டுவிட்டாள். நம்பி அண்ணாச்சியும் படித்துப் பார்க்காமல் கீழே கையெழுத்திட்டார், அவர் கண்ணும் அன்றைக்குச் சரியாக இல்லை.

வாரத்துக்கு ஒரு ஆளிடமாவது நம்பி அண்ணாச்சி சொல்கிற சட்டம் ஒன்று உண்டு. "அளவுல ஒண்ணு எழுதி எல்லையில வேற ஒண்ணு இருந்துச்சுன்னு வைங்க, எல்லைதான் நிக்கும். கோர்ட்டே அப்படித்தான் சொல்லும்." நிலம் இந்தச் சட்டத்தை எங்கே கேட்டதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் விடுமுறை என்பதால் ஒரு நாள் பொறுத்திருந்து, திங்கட்கிழமை காலையில் பத்திரத்தில் எழுதியிருந்த எல்லைக்குள் வந்து முறையாக உட்கார்ந்துகொண்டது.

முதலில் தண்ணீர் இறைக்கப் போனது பிச்சையாதான், டீக்கடைக்காரனுக்கு வேறு எதில் கண் போகும்? வாளியை விட்டான், கீழே தளும்புகிற சத்தம் காதில் விழுந்தது, இழுத்தான், காய்ந்த வாளி மேலே வந்தது. மூன்று தடவை விட்டான், மூன்று தடவையும் அடியில் ஈரம்கூட இல்லை. டோக்கன் கூப்பிடுகிற வேலாண்டி வந்து இறைத்தான், கூட்டத்தில் ரெண்டு வாட்டசாட்டமான ஆள்கள் வந்து இறைத்தார்கள், எல்லோருக்கும் வறண்ட வாளிதான். அதற்குள் முப்பிடாதி ரோட்டைக் கடந்து வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கால் வைத்து, கயிற்றை வாங்கி வாளியை விட்டு இழுத்தாள். வாளி வந்தது, தண்ணீரோடு வந்தது, பாதி வாளி. திரும்ப விட்டாள், திரும்பவும் பாதி. விளிம்பிலிருந்து அளந்து பார்த்தால் நூல் பிசகாத பாதி.

"ஒனக்குப் பிரிபடாத அரைப்பங்குல்லா" என்றார் பின்னாலேயே வந்த நம்பி அண்ணாச்சி. "கிணறு சரியாத்தான் சொல்லுது."

கூட்டம் ஆமோதித்துத் தலையாட்டியது. பங்கில்லாதவனுக்குத் தண்ணீர் இல்லை, பாதிப் பங்குக்காரிக்குப் பாதி, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, பத்திர ஆபீசில் நாலு நாள் உட்கார்ந்து எழுந்தவனுக்குக்கூட இது தெரியும். பிச்சையா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப நமக்கு ஒரு சொட்டு கெடையாதா தாயி?" என்று கேட்டான். முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்கோங்கண்ணே, நான் சொல்லுதேன்லா" என்றாள். அடுத்த இழுப்பில் அவன் வாளியில் ஒரு கெட்டில் அளவுக்குத் தண்ணீர் வந்தது. அது அனுமதி, உரிமை இல்லை என்று நம்பி அண்ணாச்சி கூட்டத்துக்கு விளக்கினார். உரிமை கூடவே இருக்கும், அனுமதி கொடுத்தவர் வாயில் இருக்கும். அந்தத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்தவர்கள் இரண்டாவது டீ கேட்டார்கள். பிச்சையா கடை தொடங்கிய பிறகு அவனிடம் யாரும் இரண்டாவது டீ கேட்டதில்லை.

பத்தரைக்கு சார்பதிவாளர் ரெஜினா மேரி வெளியே வந்தார். புதுசாக மாற்றலாகி வந்தவர், விதியை விட்டு ஒரு மயிரிழை நகராதவர். பதிவுக்கு வந்திருந்த முப்பிடாதியின் விடுதலைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்தார். வடக்கே மதிலைத் தொட்டார், தெற்கே டீக்கடையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், வாய்க்காலை எட்டிப் பார்த்தார். "ஆவணத்துல இருக்கிற மாதிரியே சொத்து இருக்கு. பதிவுக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். நிலம் ஆறு சென்ட், சரி. முடுக்கு பழைய அகலம், சரி. டீக்கடை அதன் அளவு, ஆபீஸ் அதன் அளவு, தெரு அதன் நீளம். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு சென்ட் மட்டும் கூடுதலாகவும் இருக்கிறது. மூன்று தடவை அளந்துவிட்டு, 'சரியாக உள்ளது' என்று நோட்டில் எழுதி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஊத்துமேட்டிலிருந்தும் போன் வந்தது. நிலம் இருந்த இடத்தில் பள்ளமோ மேடோ ஒன்றுமில்லை, இடமே இல்லை. கிழக்கு வீட்டு வாசலில் தூக்கிய கால் மேற்கு வீட்டு வாசலில் போய்த்தான் ஊன்றுகிறதாம். கிழக்கு வீடு ஞானதிரவியம் வாத்தியாருடையது, மேற்கு வீடு ஆடு வளர்க்கும் உலகம்மாளுடையது, நடுவில் கிடந்த காலி மனையில் யார் குப்பை கொட்டியது என்ற சண்டையில் பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது உலகம்மாளின் வெள்ளாடு கழுத்தை நீட்டினால் வாத்தியார் வீட்டு அடுப்படியில் கறிவேப்பிலை தின்னலாம், தின்றுகொண்டும் இருக்கிறதாம். ஆட்டைப் பிடித்துக் கட்டச் சொல்வதற்காகவாவது வாத்தியார் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. திறந்த வாய் மூடவில்லை, மத்தியானத்துக்குள் உலகம்மாள் வைத்த கருவாட்டுக் குழம்பு வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டது.

பதினொன்றரைக்குப் பாவநாசம் வந்து இறங்கினான், கையில் சேலைப் பையோடு, பக்கத்தில் லாரி ஷெட்காரரோடு. நிலத்தைப் பார்த்தான். "அட, நம்ம வேம்பு!" என்றான். பிரயாணத்தில் வறண்ட தொண்டை, நேரே கிணற்றுக்குப் போய் வாளியை விட்டு இழுத்தான். பாதி வாளி. ஓட்டையோ என்று வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான், ஓட்டையும் இல்லை. லாரி ஷெட்காரரும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார், அவருக்குத் தூசிதான் வந்தது. கிணற்றின் பங்குக் கணக்கை நம்பி அண்ணாச்சி இரண்டு பேருக்கும் விளக்கினார். "இன்னும் அரை மணி நேரந்தாம் சார், தங்கச்சி கையெழுத்து பதிவாயிட்டா எனக்கு முழு வாளி, நாளைக்கு ஒங்களுக்கு முழு வாளி" என்றான் பாவநாசம். அவர் வேப்பமரத்தை ஒரு சுற்று சுற்றிவந்து, "இது நிக்கிற எடத்துலதான் வண்டி திரும்பணும், வெட்டிருவோம்" என்றார் சாதாரணமாக.

முப்பிடாதி அதைக் கேட்டாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு தான் இறைத்தால் வாளி காய்ந்து வரும் என்பதை அப்போதுதான் முழுசாக யோசித்தாள். பத்திரம் அடிக்கும்போது அது வெறும் வரி, இப்போது அது வாளி. ஒரு பக்கம் அந்த அரை வாளித் தண்ணீர். இன்னொரு பக்கம் சேலைப் பையை நீட்டிக்கொண்டு, "பிரிச்சுப் பாருட்டி, கலர் புடிச்சிருக்கா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அண்ணன். இரண்டும் வேண்டும் அவளுக்கு. இரண்டும் வேண்டும் என்று சொல்ல எந்தப் பத்திரத்திலும் வரி இல்லை.

"டோக்கன் பதினாலு, முப்பிடாதி!" என்று கூப்பிட்டான் வேலாண்டி.

சார்பதிவாளர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இருபத்திரண்டு வருஷமாக ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று முப்பிடாதி அந்தக் கேள்விகளைக் காதில் வாங்கியிருக்கிறாள், ஒவ்வொரு பெண்ணும் கேள்வி முடியும்வரைகூடப் பொறுக்காமல் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறாள். அவர்கள் போய்விட்ட பிறகு நாற்காலியில் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். இப்போது அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது உங்க கையெழுத்துதானா?" என்றார் ரெஜினா மேரி.

"ஆமா மேடம்."

"உங்க சம்மதத்தோட போட்டதா?"

ஜன்னலுக்கு வெளியே வேப்பங்கொப்பு ஒன்று கம்பிக்குள் நுழைய எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பிடாதி அண்ணனைப் பார்த்தாள், சேலைப் பையைப் பார்த்தாள்.

"இல்ல மேடம்" என்றாள்.

அந்த அலுவலகம் கட்டி நாற்பது வருஷம் ஆகிறது, அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் அதுவரை வந்ததில்லை. பிரிண்டர் நின்றது. வேலாண்டி அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயைத் திறந்து திறந்தபடி நின்றான். ரெஜினா மேரி மட்டும், தன் வேலைக்காலம் முழுக்க இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எழுதிக்கொடுத்தவர் சம்மதம் இல்லைன்னு சொன்னா பதிவு இல்லை" என்று பத்திரத்தைத் திருப்பி நீட்டினார்.

பாவநாசம் எழுந்து வெளியே போய்விட்டான். சேலைப் பை நாற்காலியில் கிடந்தது.

முப்பிடாதி பத்திரத்தை வாங்கி மடித்தாள். அவ்வளவுதான், வாசல் அடைபட்டுவிட்டது, இனிமேல் தைக்கு யார் கரும்பு கொண்டு வருவார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை நெஞ்சுக்குள் முட்டியது. சொன்ன வார்த்தையை நினைத்தால் அதே நெஞ்சு லேசாகவும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அவன் இல்லை. கிணற்றடியில் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டு வெறி பிடித்த மாதிரி இறைத்துக்கொண்டிருந்தான். பாதி வாளி வரும், முருங்கைத் தூரில் கவிழ்ப்பான், திரும்ப விடுவான், பாதி வரும், கவிழ்ப்பான். வேர்த்து ஊற்றியது. நிழலில் உட்கார்ந்திருந்த கூட்டம் டோக்கனை மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தன தடவ எறச்சாலும் பாதிதான் வருது" என்றான் அவள் பக்கம் திரும்பாமல்.

"ஏம் பங்கு கீழயே நின்னுருது அண்ணே."

"கேக்க வேண்டியதானட்டி? வாய் இல்லையா ஒனக்கு? ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுத."

"கேட்டா நீ வர மாட்டியேன்னு பயம்." என்றாள் கயிற்றைப் பார்த்தபடி. "சேல வராட்டா போகட்டும், படி வராட்டா போகட்டும். தைக்கு வாசல்ல ஒஞ் செருப்பு கெடக்கணும் எனக்கு."

பாவநாசம் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். பிறகு சொன்னான்: "நீ 'சரிண்ணே'ன்னு சொல்லும்போதே தெரிஞ்சுதுட்டி, அது சரியில்லன்னு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். அதான் பட்டு எடுத்தேன், எப்பவும் நூல் சேலதான எடுப்பேன்."

முப்பிடாதிக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவனும் சிரித்தான், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான், கயிற்றின் ஒரு ஓரத்தை அவள் பக்கம் நீட்டினான். "புடி. சின்னதுல எறைப்போம்லா, அது மாதிரி."

இரண்டு பேரும் சேர்ந்து வாளியை விட்டார்கள், சேர்ந்து இழுத்தார்கள், உருளை கிறீச்சென்று கத்தியது, வாளி மேலே வந்தது, விளிம்பு வரைக்கும் தண்ணீர், விளிம்புக்கு மேலும் தண்ணீர், தளும்பி வழிந்து இரண்டு பேர் காலையும் நனைத்து, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடி, பூனையை முதல் முறையாக எழுப்பிவிட்டது. நிழலில் இருந்த கூட்டம் சேர்ந்து குலவை போட்டது, ஆம்பிளைகள்கூட போட்டார்கள். பிச்சையா ஓடி வந்து, "முழு வாளி, முழு வாளி, எல்லாருக்கும் டீ!" என்று கத்தினான், காசைப் பற்றி அன்றைக்கு அவனும் பேசவில்லை, யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. ஜன்னலில் ரெஜினா மேரி நின்று பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போனார். லாரி ஷெட்காரருக்கும் ஒரு டீ கிடைத்தது. குடித்து முடித்து, "பங்காளி ஒத்துமையா இருக்கிற எடத்துல நமக்கு என்ன வேல" என்று கும்பிட்டுவிட்டு, வேறு இடம் பார்க்கக் கிளம்பினார்.

அன்றைக்கே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதென்று முடிவாயிற்று. முப்பிடாதி உட்கார்ந்தாள். இந்தத் தடவை பழைய பத்திரம் எதையும் திறக்கவில்லை, வெள்ளைத் திரையில் முதல் எழுத்திலிருந்து அடித்தாள். ஆறு சென்டில் கிழக்கு மூன்று தனக்கு, மேற்கு மூன்று அண்ணனுக்கு. "நெலம் எங்க இருக்கணும்னு எழுதப் போற?" என்று கேட்டார் நம்பி அண்ணாச்சி. ஊத்துமேட்டு எல்லையை எழுதினால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் திரும்பிவிடும். அதற்குள் ஊத்துமேட்டிலிருந்து ஞானதிரவியம் வாத்தியாரே போன் போட்டு, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் தயவுசெய்து, இங்கே இரண்டு வீட்டுக்கும் ஒரே பந்தல் போடுவதாக இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டார். பாவநாசமும் சொன்னான்: "வேல முடிஞ்சு ரோட்டக் கடந்தா ஒன் வீடு இருக்கணும். எம் பங்குக்குக் கிழக்கெல்ல என்ன தெரியுமா? தங்கச்சி வீடுன்னு எழுது." அவள் எழுதினாள். வீடு இன்னும் கட்டவே இல்லை என்று நம்பி அண்ணாச்சி ஆட்சேபித்துப் பார்த்தார், எழுதினால் வந்துவிடும் அண்ணாச்சி, அதைத்தானே காலையிலிருந்து பார்க்கிறோம் என்றாள்.

கடைசியில் கிணறு வந்தது. அளந்து பார்த்தால் கிணறு முழுக்க முப்பிடாதி பக்கத்தில்தான் விழுந்தது.

"ஒம் பக்கமே இருக்கட்டும்டி" என்றான் பாவநாசம். "நான் எங்க வந்து எறைக்கப் போறேன்? ஒம் பேருக்கே எழுதிக்கோ, ஒனக்கும் முழு வாளி கெடைக்கும்."

"ஆமாம்மா, தனியா எழுதுனா வில்லங்கம் இல்ல" என்றார் நம்பி அண்ணாச்சியும்.

முப்பிடாதி ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் விரல்கள் வேகமாக ஓடின. 'மேற்படி கிணறு மட்டும் பிரிக்கப்படாமல் இருவருக்கும் சமபாத்தியமாய்ப் பொதுவில் இருக்க வேண்டியது. இரண்டாவது நபர் மேற்படி கிணற்றுக்கு வந்துபோக முதல் நபரின் மனை வழியாக என்றென்றைக்கும் தடையில்லா நடைபாதைப் பாத்தியதை உண்டு.'

பாவநாசம் திரையை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தான். "அப்ப ஒனக்கு எப்பவும் அரை வாளிதானட்டி வரும்?"

"நீ வந்தா முழுசு வரும்லா" என்றாள்.

பதிவாயிற்று. ஒரு வருஷத்துக்குள் பஸ் ரோட்டைப் பார்த்து இரண்டு அறை வீடு ஒன்றும் எழும்பிற்று, கொத்தனார் கட்டியதுதான், தானாக முளைக்கவில்லை. குடி வந்த அன்று மாடசாமி கையில் சுத்தியலும் ஒரு டப்பா ஆணியும் கொண்டு வந்து, மாட்டுவதற்கு ஒன்றும் இல்லாமலே ஒவ்வொரு சுவரிலும் ஒரு ஆணி அடித்தான். ஆபீசிலும் ஒரு மாற்றம் வந்தது. ரெஜினா மேரி இப்போதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சில பெண்கள் யோசித்துவிட்டு ஆமாம் என்கிறார்கள், அது நிஜமான ஆமாம். சில பேர் இல்லை என்கிறார்கள். அவர்களும் அவர்களுடைய அண்ணன் தம்பிமாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முப்பிடாதியின் அனுமதித் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்து, பேசித் தீர்த்துக்கொண்டு போகிறார்கள்.

தினமும் காலையில் முப்பிடாதி இறைக்கிறாள், அரை வாளி வருகிறது, இரண்டு நடை கூட ஆகிறது, அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தைப்பொங்கலன்று காலையில் மட்டும் வாளியை விட மாட்டாள். வாசலைத் தெளிக்காமல், பானையை வைக்காமல், கையில் கயிற்றை வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். முதல் பஸ் வந்து நிற்கும். கரும்புத் தோகை முதலில் தெரியும்.